முற்றத்து எண்ணெய்க் கறை

கொல்லம் 1118, பங்குனி 9

இன்னைக்கும் ஒழுகியிருக்கு. முற்றத்தில் வண்டி நின்ன இடத்தில் ஒரு தாம்பாளம் அகலத்துக்குக் கருப்பு. நேத்துத்தான் அந்த இடத்தைச் சுரண்டி, மண் போட்டு, சாணி மெழுகினேன். இடுப்பு இன்னும் வலிக்குது.

குற்றாலிங்கம் வண்டிக்கு அடியில் மல்லாக்கக் கிடந்தான். கால் ரெண்டும் மட்டும் வெளியே. என்னலே, இன்னைக்காவது அடைபட்டுதான்னு கேட்டேன். "அதுக்கும் வயசாகுதுல்லாம்மா, அடக்க முடியல"ங்கான். பெத்த தாய்கிட்ட பேசுற பேச்சா இது. உள்ளே இருந்து முருகம்மா சிரிச்சா. புருஷன் என்னைக் கேலி பண்ணினா மருமகளுக்குச் சிரிப்பு வராம என்ன செய்யும். கல்யாணத்தன்னைக்கே பார்த்தேன், தாலி ஏறும்போதே சிரிச்சவ.

இந்த வண்டி ஒரு வண்டி இல்ல, நாலஞ்சு வண்டி. முன்பாதி ஏதோ துரை ஓட்டித் தேய்ச்ச காரு. பின்பாதியை வெட்டி எறிஞ்சிட்டு, மரத்தில் கூடு கட்டி, எதிரும் புதிருமா ரெண்டு பெஞ்சு போட்டிருக்கான். சீசனுக்கு ஸ்டேஷன்ல இறங்குறவங்களைக் குற்றாலத்துக்கு ஏத்திட்டுப் போகத்தான். நெத்தியில் குழல்வாய்மொழின்னு அம்மன் பேரு, அவன் கையாலே எழுதினது. ழ-வுக்குக் கால் கோணல்.

போன கார்த்திகையில் கியர் பெட்டி உடைஞ்சு போச்சு. யுத்த காலத்தில் புதுசுக்கு எங்கே போக. இவன் சேக்காளி மசூது, ஆய்க்குடி ரோட்டில் பட்டறை வச்சிருக்கவன், அவன்தான் புனலூர்ப் பக்கம் எஸ்டேட்ல ஒரு லாரி செத்துக் கிடக்கு, அதோட பெட்டியைக் கொண்டாந்து வைக்கலாம்னு ஏத்தி விட்டான். மாசியில் ரெண்டு பேரும் காட்டு வழியே போய்க் கொண்டுவந்தாங்க. லாரிப் பெட்டிக்கும் கார் எஞ்சினுக்கும் வாய் பொருந்தல. பாத்திரம் வார்க்கிறவன்கிட்ட ஒரு வளையம் வார்த்து நடுவில் கொடுத்து, தோலும் தக்கையும் வச்சு இறுக்கினாங்க. அன்னையிலிருந்து சொட்டுது. மூணு தடவை கழற்றி மாட்டியாச்சு.

ஒழுகினதுக்கு ஈடா தினம் காலையில் ஊத்தணுமாம். கடையில் எண்ணெய் கிடைக்கலன்னு என் விளக்கெண்ணெய்ச் சாடியில் கை வைக்கான், பாதிக்குப் பாதி கலந்து ஊத்துதான். பேத்தி வயித்துக்குக் கொடுக்க நான் காய்ச்சி வச்ச எண்ணெய். அதை இரும்பு குடிக்குது.

என்னை மூணாம் வகுப்போட நிறுத்தினார் எங்கப்பா. அண்ணனை எட்டாவது வரை அனுப்பினார். அண்ணன் இன்னை வரைக்கும் ஒரு வரி எழுதினதில்ல. நான் எழுதுதேன்.

பங்குனி 17

ஒழுகுது. தாம்பாளம் போய் இப்போ சுளகு அகலம்.

பங்குனி 25

குற்றாலிங்கத்துக்குக் காய்ச்சல். மத்தியானம் வெயில்ல நின்னுக்கிட்டே குளிருதுன்னான். ரெண்டு கம்பளி போட்டும் பல்லு அடிச்சுது. சாயங்காலம் வேர்த்து விட்டதும் ஒண்ணுமே நடக்காத மாதிரி எழுந்து உட்கார்ந்து, பழையது கேட்டான்.

காட்டுக் காய்ச்சல்தான். எனக்குத் தெரியாதா. ஆரியங்காவுக்கு அந்தப் பக்கம் மூங்கில் வெட்டப் போய், எங்க சித்தப்பா இதே மாதிரித்தான் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆடினார்.

மசூதுக்கு ஒண்ணும் வரல. கூடத்தான் போனான். ஒரே இடத்தில்தான் படுத்திருக்காங்க. ஏன் வரல?

சித்திரை 6

காய்ச்சலுக்குக் கொடுக்கிற கொய்னா மாத்திரை எங்கேயும் இல்ல. அது விளையுற தேசத்தையே சப்பான்காரன் பிடிச்சிட்டானாம், இருக்கிறதெல்லாம் பட்டாளத்துக்குப் போகுதாம். மசூது திருநெல்வேலி வரை போய்த் தேடிட்டு வெறுங்கையோட வந்தான். வாசல்ல நின்னுக்கிட்டு "அம்மா, நாளைக்கு மதுரை போய்ப் பாக்கேன்"ன்னான். நான் உள்ளே போயிட்டேன்.

வண்டியை என் அண்ணன் மகன் பலவேசம் ஓட்டுதான். சொன்னதைச் சொன்னபடி செய்வான். சொல்லாததைச் செய்யவே மாட்டான். அப்படி ஒரு பிள்ளை.

குற்றாலிங்கம் படுத்த இடத்திலிருந்தே தினம் கேட்குதான், "எண்ணெய் ஊத்தினானாம்மா?"

சித்திரை 15

மதுரையிலிருந்து மாத்திரை வந்துது. ஒரு சின்னப் பொட்டலம். விழுங்க வச்சோம். கண்ணு மஞ்சளா இருக்கு. என்னைப் பார்த்து அக்கான்னான். அவனுக்கு அக்கா கிடையாது.

சித்திரை 19

போயிட்டான்.

சித்திரை 22

எழுதக் கை வரல. ஆனா எழுதாம விட்டா யார் யார் வந்தா, யார் யார் வரலைன்னு மறந்துருவேன்னு நினைச்சிருவாங்க.

என் கொழுந்தன் வந்தான். இழவு வீட்டில் உட்கார்ந்து சத்தமா ஏப்பம் விட்டான். கொல்லம் 1083 தை மாசம் இவன் அண்ணன், என் புருஷன், செத்தப்பவும் இப்படித்தான். என் அண்ணன் இந்தத் தடவை வந்தான். போன தடவை வராததுக்கு இது ஈடாகாது.

மசூது வந்தான். பாடைக்குத் தோள் கொடுக்கக் கிட்டே வந்தான். அங்கனயே நில்லுன்னு சொல்லிட்டேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. பார்க்கட்டும். என் பிள்ளையைக் காட்டுக்குக் கூட்டிட்டுப் போய், ஒழுகுற பெட்டி ஒண்ணை இவன் கையில் கொடுத்து, எமனையும் கூடவே ஏத்தி விட்டவன். இனி இந்த வாசப்படி உனக்குக் கிடையாதுன்னு சொன்னேன். அவன் வேப்பமரத்தடியில் நின்னுட்டு, ஊர்வலம் போனதும் கடைசியாப் பின்னாடி நடந்தான்.

பதினாறு முடியுற வரை இந்த வீட்டில் விளக்குக்குத் தவிர ஒரு சொட்டு எண்ணெய் தொடக்கூடாது, சாடிப் பக்கம் ஒருத்தரும் போகக்கூடாதுன்னு எல்லாரையும் நிற்க வச்சுச் சொல்லியிருக்கேன். என் மாமியாருக்கு அப்படித்தான் இருந்தோம், என் புருஷனுக்கும் அப்படித்தான். தாளிக்கிற வாசனை தெருவுக்கு வரக்கூடாது. என் பிள்ளைக்கு ஒரு குறை வைக்க மாட்டேன்.

சித்திரை 29

கேதத்துக்கு வந்த கீழப்பாவூர்க்காரங்களைக் கொண்டு விடப் பலவேசம் வண்டியை எடுத்துட்டுப் போனான். திரும்பி வரும்போது, பாவூர்சத்திரம் தாண்டினதும் பெட்டிக்குள்ளே கல்லு அரைக்கிற மாதிரி சத்தம். அப்புறம் ஓலம். அப்புறம் சக்கரமே திரும்பல.

ஒரு சோடி மாட்டைக் கட்டி இழுத்துட்டு வந்தாங்க. தெருவே வாசல்ல நின்னு பார்த்துது. என் பிள்ளை ஓட்டின வண்டிக்கு முன்னால் மாடு. அம்மன் பேருக்கு நேரே மாட்டு வாலு.

ஏலே மூதி, என்னலே செஞ்சேன்னு கேட்டேன். அவன் நிலத்தைப் பார்த்துக்கிட்டே சொன்னான்: "எண்ணெய் இல்லாம காஞ்சு போச்சு அத்தை."

ஏன் ஊத்தலன்னேன்.

"பதினாறு முடியாம சாடிப் பக்கம் போகக்கூடாதுன்னு நீங்கதானே அத்தை சொன்னீங்க."

சித்திரை 30

பெட்டிக்கும் இழவுத் துட்டியா? எந்தப் பைத்தியக்காரனாவது அப்படி நினைப்பானா?

அவன் நினைச்சிருக்கான். தினம் காலையில் சாடியைப் பார்த்துட்டு, தொடாம, வண்டியை எடுத்திருக்கான். என் சொல்லைக் கேட்டவன் வாழ்க்கையிலேயே இவன் ஒருத்தன்தான். அதுவும் இப்படி.

முருகம்மா ஒரு வார்த்தை பேசல. பேசியிருந்தா நானும் பேசியிருப்பேன்.

வைகாசி 5

கருமாதி முடிஞ்சுது. தாளிச்சோம். கடுகு வெடிச்ச சத்தத்துக்கு அழுதேன், வேற எதுக்கும் அழல.

திருநெல்வேலியிலிருந்து வந்த மேஸ்திரி அடியில் குனிஞ்சு பார்த்துட்டு, இது என்ன பெட்டி, இது என்ன வளையம், யார் வச்சதோ அவனையே கூப்பிடுங்கன்னு கையைத் துடைச்சிட்டுப் போயிட்டார். மலை மேலே மேகம் கட்டுது. ஆனி பிறந்தா சாரல் விழும், கூட்டம் வந்துரும். வருஷத்துக்கு ரெண்டு மாசம்தான் இந்த வண்டிக்குச் சோறு, எங்களுக்கும். வண்டி ஓடலன்னா அது விறகு. என் பிள்ளை செதுக்கினதை அடுப்பில் வைக்கிறதைப் பார்க்க நான் இருக்க மாட்டேன்.

அதுக்காக மசூதைக் கூப்பிட முடியுமா. நான் மாட்டேன்.

வைகாசி 8

முருகம்மாவே போய்க் கூட்டிட்டு வந்துட்டா. தலையில் முக்காடு போட்டுக்கிட்டு, ஆய்க்குடி ரோடு வரை நடந்து. என்னைக் கேட்கல.

அவன் வாசப்படி ஏறல. தெரு வழியா முற்றத்துக்கு வந்து, நேரே வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தான். கால் ரெண்டு மட்டும் வெளியே. நான் சன்னல் கதவைச் சாத்திட்டேன். பாதம் வேற. குற்றாலிங்கத்துக்கு வலது கட்டைவிரல்ல நகம் இல்ல. ஆனா சத்தம் அதே சத்தம்.

வைகாசி 12

பல்சக்கரம் ரெண்டு அரைஞ்சு போச்சாம். அதே செத்த லாரியோட சாமான்ல மிச்சம் கிடக்காம். திரும்பப் புனலூர் போகணுமாம்.

மசூது பெண்சாதி வந்து முருகம்மாகிட்ட அழுதுட்டுப் போனா, அந்தக் காட்டுக்கு வேண்டாம்னு சொல்லச் சொல்லி. முருகம்மா அவன்கிட்ட சொன்னா. "அவனுக்கு வராம எனக்கு வந்திருக்கலாம்னு அம்மா நினைக்காக. போய்ட்டு வாரேன்"ன்னானாம்.

நான் அப்படி நினைச்சதில்லன்னு சொல்லத்தான் ஆசை. நினைச்சேன்.

குற்றாலிங்கம் தின்னது போக கொய்னா பொட்டலத்தில் கொஞ்சம் மிச்சம் இருந்துது. விளக்கு மாடத்தில் இடத்தை அடைச்சிட்டுக் கிடக்கு, யாருக்காவது கொடுத்துத் தொலைன்னு முருகம்மாகிட்ட சொன்னேன். யாருக்குன்னு அவளும் கேட்கல.

வைகாசி 21

மசூது வந்துட்டான். கறுத்து மெலிஞ்சு வந்திருக்கான். குளிர் காய்ச்சல் இல்ல. இது வரைக்கும் இல்ல. சன்னலைத் திறந்து வச்சிருக்கேன். புழுக்கமா இருக்கு, அதுக்காக.

வைகாசி 28

இன்னைக்கு நடந்ததை ஒழுங்கா எழுதணும்.

புதுச் சக்கரம் போட்டு மாட்டியாச்சு. தோல் வளையத்தை உருக்கின கொழுப்பில் ஊற வச்சு, தக்கைக்கு அரக்கு பூசி, எல்லாம் பார்த்துப் பார்த்துச் செஞ்சான். வண்டியை இலஞ்சி வரை ஓட்டிட்டு வந்து நிறுத்தினா, திரும்பவும் சொட்டு. பலவேசம் தலையில் கையை வச்சு உட்கார்ந்துட்டான். மசூது பெட்டியோட மேல்மூடியைக் கையால் தடவினான். தடவினவன் அப்படியே நின்னான். அப்புறம் இடுக்கியால் எதையோ பிடுங்கினான். புஸ்ஸுன்னு ஒரு மூச்சு வந்துது, எனக்கே கேட்டுது.

பிடுங்கினதை மடிக்குள் வச்சுக்கிட்டான். நான் பார்த்துட்டேன். என்னலே அது, காட்டுன்னேன். அவன் செத்த வீட்டுக்கு வந்ததுக்கு அப்புறம் அவன்கிட்ட நான் பேசின முதல் பேச்சு.

"ஒண்ணுமில்லம்மா, அழுக்கு"ன்னான். காட்டுன்னேன்.

ஒரு மரக்குச்சி. சுண்டுவிரல்ல பாதி. நுனியில் துணி சுத்தியிருக்கு. சிவப்புக் கட்டம். குற்றாலிங்கம் தலையில் கட்டுற துண்டு.

அந்தப் பெட்டிக்கு மேலே ஒரு துவாரம் உண்டாம், மூச்சு விட. ஓடி ஓடிச் சூடேறினா உள்ளே காத்து பெருகும், அது வழியா வெளியே போகும். அதை அடைச்சா, காத்துக்குப் போக வழியில்லாம எண்ணெயைத் தள்ளும். எந்தத் தோல் வச்சாலும் நிற்காது. உலைப்பானையை இறுக மூடினா கஞ்சி எந்தப் பக்கமாவது வழியத்தான் செய்யும், எனக்கு இது புரியுது. யாரு அடைச்சான்னு கேட்டேன். கேட்க வேண்டியதே இல்ல.

"சீசன்ல ரோட்டுக்கு மேலே தண்ணி போகும்லாம்மா. அருவித்தண்ணி பெட்டிக்குள்ளே போயிரக்கூடாதுன்னு நினைச்சிருக்கான். அவன் நினைச்சதும் நியாயம்தான். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

அப்போ ஒழுகினது உன் வளையத்தால் இல்லையான்னு கேட்டேன். அவன் குற்றாலிங்கத்தோட பழைய வேட்டி ஒண்ணு கேட்டான். முருகம்மா கொடுத்தா. ஒரு தகரக் குழாயை வளைச்சு, வாய் கீழே பார்க்கிற மாதிரி துவாரத்தில் பொருத்தினான். மூச்சும் விடும், தண்ணியும் ஏறாது. திரும்ப இலஞ்சி வரை போய் வந்து, வண்டிக்கு அடியில் அந்த வேட்டியை விரிச்சான். அசையாம எல்லாரும் பார்த்துக்கிட்டு நின்னோம்.

வெள்ளை வெள்ளையாவே இருந்துது.

போகும்போது குச்சியை என் கையில் கொடுத்தான். அவன் குடிக்கத் தண்ணி கேட்கல. நானும் கொடுக்கல. கொடுத்திருக்கணும்.

ஆனி 3

சாரல்.

ஆனி 20

வண்டி ஓடுது. பலவேசம் காலையில் போனா விளக்கு வைக்கத்தான் வாரான். பெஞ்சு நனைஞ்சு வருது, ஜனங்க தலையில் தேய்ச்ச எண்ணெய் வாசனையோட வருது. முற்றத்தில் கறை காஞ்சு, வெடிச்சு, பழையதாப் போச்சு. காலையில் எழுந்ததும் என் கண்ணு அங்கேதான் போகுது. புதுசா ஒண்ணும் இல்ல.

என் பிள்ளை இருந்தவரை சொட்டிக்கிட்டுத்தான் இருந்துது. இப்போ நின்னு போச்சு. நல்லதுதானே. நல்லதுதான்.

ஆடி 16, அமாவாசை

என்னையும் முருகம்மாவையும் பேத்தி வள்ளித்தாயையும் பலவேசம் குற்றாலத்துக்குக் கூட்டிட்டுப் போனான். குற்றாலிங்கம் செதுக்கின பெஞ்சுல இப்போதான் முதல் தடவையா உட்காருதேன். அவன் இருக்கும்போது எத்தனையோ தடவை கூப்பிட்டான், வண்டியில் ஏறினா வாந்தி வரும்னு மாட்டேனுட்டேன். வாந்தி வரல.

அருவியில் நின்னா அழுதது யாருக்கும் தெரியாது. அதுக்குத்தான் எல்லாரும் அங்கே போறாங்களோ என்னவோ.

கொல்லம் 1119, ஆவணி 19

பலவேசம் பட்டாளத்தில் சேர்ந்துட்டான். லாரி ஓட்ட ஆள் எடுக்காங்களாம். அவன் அப்பன் சொன்னானாம், போனான். சொன்னதைச் செய்யுற பிள்ளை. கால்ல விழுந்தான். அங்கே துரை எண்ணெய் ஊத்தாதேன்னு சொன்னாலும் ஊத்துலேன்னு சொல்லி அனுப்பினேன். சிரிச்சிட்டே போனான்.

இனி வண்டியை யார் ஓட்ட.

புரட்டாசி 4

முருகம்மா வண்டியை விற்கணும்ங்கா. புளியங்குடியில் எலுமிச்சங்காய் கமிஷன் கடை நெல்லையப்பன் கேட்டுவிட்டிருக்காராம். மரக்கூட்டைப் பிரிச்சிட்டுக் காய் ஏத்துவாராம்.

எம் பிள்ளை கட்டினதைப் பிரிக்கவான்னு கேட்டேன். நீ வந்த அன்னையிலிருந்து இந்த வீட்டில் ஒண்ணொண்ணாப் போகுதுன்னு சொன்னேன். இன்னும் சொன்னேன், எழுத மாட்டேன். அவ எப்பவும் போல முந்தானையைக் கடிச்சிக்கிட்டு நின்னா. அப்புறம் சொன்னா:

"காலையில கதவத் திறந்தா, அவுக இன்னும் அதுக்கு அடியிலதான் படுத்திருக்காகன்னு தோணுது அத்தை. தினம் குனிஞ்சு பாக்கேன். எனக்கு முடியல."

எனக்கு அது நிற்கிறதாலதான் முடியுது. அவளுக்கு அது நிற்கிறதால முடியல. ஒரே முற்றம், ஒரே வண்டி. இதுக்கு யார் நியாயம் சொல்ல.

புரட்டாசி 11

நெல்லையப்பன் வந்தார். வெத்தலைச் சாறு கன்னத்தில் அடக்கிக்கிட்டே பேசுறவர். எஞ்சின் சத்தம் கேட்க மசூதையும் கூட்டிட்டு வந்திருந்தார். இந்த வண்டி ஒழுகும்னு ஊர்ல பேச்சு, இப்போ எப்படின்னு கேட்டுக்கிட்டே வேட்டியைத் தூக்கிட்டுக் குனிஞ்சார்.

ஒழுகித்தான் இருந்துது. காலையில் முருகம்மா கிணத்துக்குப் போயிருந்தப்போ, சாடியில் இருந்த விளக்கெண்ணெய் முழுக்க அங்கே கவிழ்த்தது நான்தான்.

அவர் முகம் சுருங்கிப் போச்சு. மசூதைப் பார்த்தார். மசூது குனிஞ்சு, விரலால் தொட்டு, வெளிச்சத்தில் பிடிச்சான். பெட்டிக்குள்ளே ஓடின எண்ணெய் கருப்பா இருக்கும். இது தேன் மாதிரி இருந்துது. மோந்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நான் கதவு நிலையைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். சொல்லு, ஊரைக் கூட்டிச் சொல்லுன்னு நினைச்சேன்.

"ஒழுகத்தான் செய்யுது அண்ணாச்சி"ன்னான். "என் வேலை அவ்வளவுதான். நல்லா நிற்கல."

நெல்லையப்பன் துப்பிட்டுப் போயிட்டார்.

புரட்டாசி 18

வண்டி நிற்குது. ஜெயிச்சிட்டேன்.

பேத்தி சந்தைக்குப் போயிட்டு வந்து சொல்லுதா, கடைத்தெருவில் மசூதை ஒழுகல் மசூதுன்னு கூப்பிடுதாங்களாம். செங்கோட்டை பஸ்காரர் ஒருத்தர் பட்டறைக்கு விட்டிருந்த வண்டியைத் திருப்பி எடுத்துட்டுப் போயிட்டாராம். நெல்லையப்பன் போற இடமெல்லாம் சொல்லியிருக்கார்.

அவன் யாருகிட்டயும் வாயைத் திறக்கலையாம்.

புரட்டாசி 20

தூக்கம் வரல.

எனக்குத் தீமை செஞ்சவங்களை நான் மறக்க மாட்டேன். யாரு, எந்த மாசம், என்ன சொன்னா, எல்லாம் இருக்கு. அதைச் சுமக்க எனக்குத் தெம்பு உண்டு. ஆனா இப்படி ஒருத்தன் எனக்காகத் தன் பேரைக் கெடுத்துக்கிட்டுச் சும்மா இருந்தா, அதை எங்கே வைக்க. அதை வைக்க எனக்குள்ளே இடம் இல்ல.

பாடைக்குத் தோள் கொடுக்க வந்தவனைத் தடுத்தேன். குற்றாலிங்கம் இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பான்? ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டான். சிரிச்சிருப்பான். அது அதைவிட மோசம்.

புரட்டாசி 25

புளியங்குடி போற லாரிக்காரன்கிட்ட நெல்லையப்பனுக்குச் சொல்லிவிட்டேன், வரச் சொல்லி. மசூதுக்கும் ஆள் அனுப்பினேன். முருகம்மாகிட்ட சொல்லல.

நேத்து விளக்கு வைக்கிற நேரம் என் வெள்ளைச் சேலையை எடுத்து வண்டிக்கு அடியில் விரிச்சேன். நல்ல சேலை. என் காரியத்துக்குன்னு வச்சிருந்தது. நாலு மூலைக்கும் கல் வச்சேன். குனிஞ்சு உள்ளே போனது இதுதான் முதல் தடவை. அங்கேயிருந்து பார்த்தா எங்க வீட்டு வாசப்படி மட்டும்தான் தெரியுது. வாரவங்க பாதம் தெரியும். குற்றாலிங்கம் என் பாதத்தைப் பார்த்துக்கிட்டுத்தான் பேசியிருக்கான் எப்பவும்.

காலையில் அவங்க வந்ததும், மசூதை வண்டியை எடுத்து ஒரு சுத்து ஓட்டிட்டு வந்து அதே இடத்தில் நிறுத்தச் சொன்னேன். வெயில் ஏறுற வரை நெல்லையப்பனைக் காக்க வச்சேன். அப்புறம் சேலையை இழுத்து அவர் முன்னால் உதறினேன். ஒரு பொட்டு இல்ல.

"பாத்துக்கிடுங்க அண்ணாச்சி. மசூது செஞ்ச வேலை ஒழுகாது. கடைத்தெருவுல நீங்களே போய்ச் சொல்லணும்."

அப்போ அன்னைக்கு ஒழுகினது என்னதுன்னு கேட்டார்.

"அன்னைக்கு ஒழுகினது வண்டி இல்ல, நான்"ன்னேன்.

அவருக்குப் புரியல. மசூது தலையைக் குனிஞ்சுக்கிட்டான். முருகம்மா காலிச் சாடியைக் கழுவிக்கிட்டு இருந்தவ, கழுவுறதை நிறுத்தினா. அன்னைக்கே அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. சாடி காலியானது தெரியாம ஒரு பொம்பளை அடுக்களையில் இருப்பாளா. தெரிஞ்சும் சும்மா இருந்திருக்கா.

மசூது கிளம்புறப்போ, உள்ளே வந்து தண்ணி குடிச்சிட்டுப் போன்னேன். வாசப்படிகிட்ட வந்து நின்னான். நின்னுக்கிட்டே இருந்தான். வாலே, எத்தனை தடவை சொல்லன்னு சத்தம் போட்டேன். ஏறினான்.

புரட்டாசி 29

வண்டி நெல்லையப்பனுக்கே போயிட்டுது. மசூதுதான் புளியங்குடி வரை ஓட்டிக் கொடுத்தான். அம்மன் பேரு எழுதின பலகையை மட்டும் கழற்றிக் கொடுத்துட்டுப் போனான். திருப்பம் வரை பார்த்தேன். முருகம்மா உள்ளே இருந்தா, வெளியே வரல. சத்தம் அடங்குற வரை பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டுது. பாத்திரமெல்லாம் காலையிலேயே தேய்ச்சாச்சு.

ஐப்பசி 14

அடைமழை. முற்றத்தில் தண்ணி நிற்குது. கறை இருந்த இடத்துக்கு மேலே மட்டும் மயில் கழுத்து மாதிரி நிறம் மிதக்குது. வள்ளித்தாய் குச்சியை விட்டுக் கலக்கினா. வேண்டாம்ட்டி, விடுன்னேன்.

கார்த்திகை 10

பலவேசம்கிட்டயிருந்து தகவல். எங்கே இருக்கான்னு சொல்லக்கூடாதாம். லாரிக்குத் தினம் எண்ணெய் பார்க்கானாம், அத்தைகிட்ட சொல்லச் சொன்னானாம்.

மார்கழி 27

இந்த வருஷம் எங்களுக்குப் பொங்கல் கிடையாது. ஆனாலும் வீட்டை அப்படியே விட முடியுமா. முருகம்மா காலையிலேயே சாணி கரைச்சு முற்றம் மெழுக உட்கார்ந்தா. நான் சுவரில் சாய்ஞ்சு வெயில் காஞ்சுக்கிட்டு இருந்தேன். இடுப்பு சரியில்ல, இல்லன்னா நானே மெழுகியிருப்பேன். அவ மெழுகினா கை வாக்கில் வளையம் வளையமா வரும், எனக்குப் பிடிக்காது. வந்த வருஷத்திலிருந்தே சொல்லுதேன்.

மேற்கேயிருந்து மெழுகிக்கிட்டே வந்தா. வேப்பமரத்தடி, கிணத்துக்குப் போற தடம், எல்லாம் மெழுகினா. கறை இருந்த இடத்துக்கிட்ட வந்ததும் கை நின்னுது. என் பக்கம் திரும்பியும் பார்க்கல அவ.

அந்த ஒரு தாம்பாளம் அகலத்தை மட்டும் விட்டுட்டு, அதைச் சுத்தி மெழுகி முடிச்சு, வாளியைத் தூக்கிக்கிட்டு உள்ளே போனா.